ஊரையே தடுத்த சேர்வர்

எங்கள் ஊர்ச் சங்கத்தின் இணையத்தளத்தை மொன்றியலில் இருந்து நான் பராமரிக்கிறேன். சென்ட் லோரன்டில் இரண்டாம் மாடியில் வாடகை வீடு. பகலில் மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மீதி நேரம் சேர்வருக்கு. இந்தப் பொறுப்புக்கு என்னை யாரும் தெரிவுசெய்யவில்லை. முன்பு பார்த்தவர் ரொறன்ரோவுக்கு வீடு மாறிப் போனபோது கடவுச்சொற்களைத் தந்துவிட்டுப் போனார், நானும் வாங்கிக்கொண்டேன்.

தளத்தில் கோயில் திருவிழாப் படங்கள் உண்டு. பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டிய செய்திகள் உண்டு. ஆனால் ஆட்கள் திறந்து பார்ப்பது மரண அறிவித்தல்களைத்தான். எங்கள் ஊராரில் ஊரில் இருப்பவர்களை விட வெளியே இருப்பவர்கள் அதிகம். ஒருவர் இங்கே இறந்தால் லண்டனிலும் பாரிசிலும் சூரிச்சிலும் சிட்னியிலும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறப்பார்கள். அதனால் எங்கள் சேர்வர் மாதக் கணக்கில் சும்மா இருக்கும். பிறகு ஒரு நாள் மூச்சு வாங்கும். சேர்வரை அமைக்கும்போது சும்மா இருக்கும் நாளைப் பார்த்து அமைக்கக் கூடாது என்பதை முதல் வருடமே கண்டுகொண்டேன்.

நாள், நேரம் ஆகியவற்றில் எனக்கு எப்போதும் ஒரு பிடிவாதம் உண்டு. பஞ்சாங்கங்கள் ஒன்றோடொன்று ஏன் முரண்படுகின்றன என்பது பற்றி அகப்பட்டதையெல்லாம் வாசித்தவன் நான். மொன்றியலில் மாலையில் பிரிந்த உயிருக்கு ஊரில் மறுநாள் காலை ஆகிவிடும். திதி எது என்று இரண்டு பக்கத்து உறவினரும் சண்டை பிடிப்பார்கள். ஆகவே எந்த அறிவித்தலிலும் எந்த ஊர் நேரம் என்று எழுதாமல் நேரம் போடவிட மாட்டேன். யார் எப்போது எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று குறிக்கும் சேர்வரின் பதிவுக்கோப்புகளை உலகப் பொது நேரத்தில்தான் எழுதவைத்திருக்கிறேன். கனடாவில் வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை முன்னே பின்னே தள்ளுவார்கள். உள்ளூர் நேரத்தில் பதிவு வைத்தால் இலையுதிர் காலத்தில் ஒரு மணித்தியாலம் இரண்டு தடவை வரும். எது முந்தியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

மற்ற ஒழுங்குகளும் இப்படிச் சின்னவைதான். அமைப்புக் கோப்பில் கைவைக்க முன்பு அதன் பிரதி ஒன்றை எடுத்து, பெயரில் திகதியைச் சேர்த்து வைப்பேன். மாற்றிய வரிக்கு மேலே ஏன் மாற்றினேன் என்று ஒரு குறிப்பு எழுதுவேன். ஸ்ரூடியோவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாமல் சுருக்கி ஏற்றுவேன். இறந்தவரின் முகம் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல இறங்கி வருவதை ஒரு மகள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பழைய பதிவுக்கோப்புகள் சேர்வரின் சேமிப்பு வட்டை நிரப்பிவிடாமல் தாமாகவே அழியும்படி வைத்திருக்கிறேன். எந்த மாற்றத்துக்குப் பிறகும் சேர்வரை நிறுத்தித் தொடங்குவதில்லை. கோப்பில் பிழை உண்டா என்று சோதிக்கும் கட்டளையை முதலில் கொடுப்பேன். பிழையில்லை என்றால் புதிய அமைப்பை மட்டும் மீள ஏற்றச் சொல்வேன். அப்போது பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு எதுவும் அறுபடாது.

இவ்வளவு கவனத்துக்கும் நடுவில் ஒரு விதியும் போட்டிருந்தேன். அதற்கு நல்ல காரணம் இருந்தது. அறிவித்தல்களின் கீழே அனுதாபம் எழுதும் இடம் ஒன்று உண்டு. ஒரு வாத்தியாரின் படத்துக்குக் கீழே ஒரு நாள் காலை சூதாட்ட விளம்பரங்கள் நிறைந்து கிடந்தன. எங்கோ இருந்த இயந்திரம் ஒன்று இரவிரவாக அனுப்பியவை. அவருடைய பிள்ளைகள் அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தார்கள். அன்றே விதியைப் போட்டேன். ஒரே ஐபி முகவரியிலிருந்து, அதாவது இணையத்தில் ஒரே வாசலிலிருந்து, குறுகிய நேரத்தில் அளவுக்கு மேல் கேட்டால் அந்த முகவரியை சேர்வரின் வாசல் காவலான ஃபயர்வோல் சில மணித்தியாலங்களுக்கு மூடிவிடும். சேர்வர் வைத்திருப்பவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரைதான் இது. சூதாட்டக்காரர்கள் பிறகு வரவில்லை.

சென்ற பெப்ரவரியில் இங்கே, மொன்றியலின் பியர்பொன்ட்ஸில் எங்கள் ஊரவர் ஒருவர் நோயில் கிடந்து இறந்தார். அவருடைய மகன்தான் என்னோடு கதைத்தவர். நாற்பத்தைந்து வயது இருக்கும், பஸ் ஓட்டுபவர். தகப்பனாருக்கு ஊரில் ஒரேயொரு அக்கா. தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர். தம்பி படுக்கையில் விழுந்ததும் வந்து பார்க்க விசாவுக்குப் போட்டார், கிடைக்கவில்லை. திரும்பப் போட்டார்; அதற்கும் இல்லை என்று பதில் வந்த கிழமையில் தம்பி போய்விட்டார்.

"அண்ணை, மாமி ஒண்டே ஒண்டுதான் கேட்டவ," என்றார் மகன். "பெட்டி மூடுறதுக்கு முன்னம் முகத்தைப் பாக்கவேணுமாம். தனக்காக நான் வாய்க்கரிசி போடேக்க தான் பாத்துக்கொண்டு நிக்கவேணுமாம். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"பாக்கலாம். நேரடியாப் போடுவம்," என்றேன்.

பொது வீடியோத் தளம் எதிலும் போடவேண்டாம் என்று இருவருமே நினைத்தோம். முன்பு ஒரு செத்தவீட்டை அப்படிப் போட்டபோது முதலில் சவர்க்கார விளம்பரம் ஓடியது. பிறகு பின்னணியில் போட்ட பக்திப் பாட்டுக்கு உரிமை இல்லை என்று நடுக் கிரியையில் படத்தை நிறுத்திவிட்டார்கள். ஆகவே எங்கள் சேர்வர் வழியாகவே அனுப்ப ஏற்பாடு செய்தேன். இரண்டு நாள் முன்னதாகச் சோதித்தேன். லண்டனில் ஒருவர், சூரிச்சில் ஒருவர், கொழும்பில் ஒருவர் பார்த்துத் தெளிவாக இருக்கிறது என்றார்கள். ஊரிலும் மாமியின் மருமகள் தன் போனில் பார்த்தார். எல்லாம் சரி.

சனிக்கிழமை காலை கிரியை. ஊரில் அது இரவுச் சாப்பாட்டு நேரம். பெட்டி வைத்திருந்த மலர்ச்சாலை மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசை போட்டு மடிக்கணினியோடு இருந்தேன். எனக்குப் பக்கத்தில் சங்கச் செயலாளர் அண்ணை. இல்-பிசார் தீவில் வீடு, பனியில் கார் வராது என்று எப்போதும் சொல்வார், எப்போதும் எல்லோருக்கும் முதல் வந்து நிற்பார். ஊராரின் குழுவுக்குப் போனில் செய்தி அனுப்புவது அவர் வேலை.

ஐயர் தொடங்கியதும் பார்ப்பவர்களின் எண்ணிக்கை ஏறியது. சேர்வர் அசையவில்லை. சற்று நேரத்தில் மருமகளிடமிருந்து அழைப்பு.

"அண்ணை, ஒண்டும் தெரியேல்லை. வெள்ளையாச் சுத்திக்கொண்டு நிக்குது."

"முந்தாநாள் தெரிஞ்சதெல்லே தங்கச்சி?"

"தொடங்கேக்க தெரிஞ்சது. ஐயரின்ர தலையைக் கண்டம். பேந்து நிண்டிட்டுது. இஞ்ச முத்தம் நிறைஞ்ச சனம், ஒருத்தருக்கும் வரேல்லை."

செயலாளர் அண்ணை குனிந்து, "அங்க கறண்ட் போயிருக்கும்," என்றார்.

"கறண்ட் நிக்குது. ஃபானும் ஓடுது," என்றார் மருமகள், அவர் குரலைக் கேட்டுவிட்டு.

"அப்ப போன் ரவரில பிழை."

"மற்றதெல்லாம் திறக்குது. சீலைக்கடை விளம்பரம் கூட ஓடுது. உங்கட சங்கம் மட்டும்தான் ஓடேல்லை."

பதிவுக்கோப்பைப் பார்த்தேன். லண்டன், பாரிஸ், கொழும்பு என்று வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஊரிலிருந்து, தொடக்கத்தில் வந்தவற்றுக்குப் பிறகு, ஒரு வரியும் இல்லை. பிழையோடு வந்த வரி கூட இல்லை. கேட்டு மறுக்கப்பட்டிருந்தால் அது பதிவில் இருக்கும். ஒன்றுமே இல்லை என்றால் அவர்களின் கேள்வி சேர்வருக்கு வந்து சேரவே இல்லை. நானும் ரவர்தான் என்று நினைக்கத் தொடங்கினேன்.

அதற்குள் செயலாளர் அண்ணை தன் போனில் குழுவுக்கு ஒரு செய்தி போட்டுவிட்டார். நான் திரும்பிப் பார்க்கும்போது அனுப்பியாகிவிட்டது: "ஊரில் தெரியாதவர்கள் நிறுத்தாமல் லிங்கைத் திரும்பத் திரும்ப அமத்தவும்." எங்கள் சனத்துக்கு இது சொல்லத் தேவையில்லாத அறிவுரை. கோயில் மணிக் கயிற்றைப் போலத்தான் போனையும் இழுப்பார்கள்.

"தங்கச்சி, வேற கம்பனிச் சிம் உள்ள ஆர் இருக்கினம்?" என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டுக்காரர் மட்டும். இஞ்ச ஒரு கம்பனியின்ர ரவர்தான் வடிவா இழுக்கும். அவர்தான் பிடிவாதத்துக்கு மற்றதை வச்சிருக்கிறார்."

"அவரின்ர போனில ஒருக்காத் திறந்து பாருங்கோ."

வேலிக்கு மேலால் மருமகள் அவரைக் கூப்பிடுவது எனக்குக் கேட்டது. பிறகு ஒரு ஆரவாரம். "வருது அண்ணை! வருது! முகம் தெரியுது! மாமியைக் கூட்டிக்கொண்டு வாறன், நிண்டுகொள்ளுங்கோ." கதிரைகள் இழுபடும் சத்தம். மாமிக்கு முழங்கால் ஏலாது; இரண்டு பேர் பிடித்துத்தான் வரவேண்டும். அவர் வேலியடிக்கு வந்து சேர்வதற்குள் மருமகளின் குரல் மாறிவிட்டது.

"அண்ணை, அதுவும் நிண்டிட்டுது."

"என்னண்டு?"

"எல்லாரும் அங்க ஓடிப் போய், அவரின்ர போனில இருந்து நெற் வாங்கித் தங்கட போனிலயும் போட்டுட்டினம். இப்ப அவருக்கும் இல்லை. அவர் ஏசிக்கொண்டு நிக்கிறார்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மொன்றியலில் ஒவ்வொரு வீட்டுக்கும் இணையத்தில் தனி முகவரி. ஊரில் அப்படியில்லை. அங்கே போன் கம்பனி நூற்றுக்கணக்கான கைத்தொலைபேசிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்துத்தான் வெளியே அனுப்புகிறது. நேரடிப் படம் சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகும். பார்க்கும் ஒவ்வொரு போனும் சில விநாடிக்கு ஒரு துண்டைக் கேட்டுக்கொண்டே இருக்கும். முந்தாநாள் ஒரு போன் கேட்டது. இன்றைக்கு ஒரு முற்றம் முழுக்கக் கேட்டது. சேர்வருக்கு அது ஒரே ஆள் வெறிபிடித்து ஆயிரம் கை நீட்டுவது போலத் தெரிந்திருக்கிறது. சூதாட்டக்காரனுக்குப் போட்ட கதவை ஊருக்குச் சாத்திவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் ஒற்றைப் போனுக்கும் அதே கதிதான். ஃபயர்வோலில் மூடப்பட்டவர்கள் வாசலுக்கு வெளியிலேயே நிற்பார்கள். அவர்கள் தட்டுவது சேர்வரின் பதிவில் விழாது.

ஃபயர்வோலின் பட்டியலைத் திறந்தேன். இரண்டு முகவரிகள் இருந்தன.

மண்டபத்தின் நடுவில் வாய்க்கரிசி தொடங்கியிருந்தது. மகன் பெட்டியின் தலைமாட்டில் நின்று என்னைப் பார்த்தார். நான் இன்னும் இல்லை என்று கையைக் காட்டினேன். மலர்ச்சாலை மேலாளர், கறுப்புக் கோட்டுப் போட்ட பிரெஞ்சுக்காரர், மகனிடம் போய் மணிக்கூட்டைத் தொட்டுக் காட்டினார். அடுத்த குடும்பம் வெளியே காத்திருந்தது. தகனத்துக்கும் நேரம் குறித்தாயிற்று. மகன் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். மேலாளர் தலையசைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"எல்லாத் தடையையும் கழட்டி விடும் ஐசே," என்றார் செயலாளர் அண்ணை.

"கழட்டினாலும் அடுத்த நிமிசம் திரும்பப் பூட்டிக்கொள்ளும். விதி அப்பிடியே இருக்குதே."

"அப்ப சேர்வரை ஒருக்கா நிப்பாட்டிப் போடும்."

"போட்டா லண்டனும் பாரிசும் போயிடும். நீங்கள் சும்மா இருங்கோ அண்ணை. இல்லாட்டி முன்னுக்குப் போய் வரிசையைக் கொஞ்சம் மெதுவாக்குங்கோ."

அது அவருக்குப் பிடித்த வேலை. எழுந்து போய் வரிசையின் வாயில் நின்றுகொண்டு, "ஆறுதலா, ஆறுதலா, நெருக்காதேங்கோ," என்று நெருக்காத ஆட்களை நிறுத்தத் தொடங்கினார்.

எதை முதலில் செய்வது என்பதில்தான் எல்லாம் இருந்தது. தடையை முதலில் எடுத்தால் முற்றம் முழுக்க ஒரேயடியாக உள்ளே விழுந்து மீண்டும் பூட்டப்படும். ஆகவே முதலில் விதியை மாற்றவேண்டும், பிறகுதான் கதவைத் திறக்கவேண்டும். கோப்பின் பிரதியை எடுத்தேன். அந்த நேரத்திலும் கை தானாக அதைச் செய்தது. படத் துண்டுகள் இருக்கும் பகுதியை எண்ணிக்கையிலிருந்து விலக்கி ஒரு பத்தி எழுதினேன். அனுதாபம் எழுதும் இடத்துக்கும் உள்நுழையும் பக்கத்துக்கும் விதியை இருந்தபடியே விட்டேன். உண்மையில் அந்த விதி முதலிலிருந்தே அந்த இரண்டு இடத்துக்கும் மட்டும் போதுமானது. படம் பார்ப்பவன் யாரும் எந்தச் சேர்வரையும் அழுக்காக்குவதில்லை. இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

சோதனைக் கட்டளையைக் கொடுத்தேன். பிழை என்று வந்தது. நான் எழுதிய வரியின் கடைசியில் அரைப்புள்ளி இல்லை. சோதிக்காமல் நிறுத்தித் தொடங்கியிருந்தால் அந்தப் புள்ளி ஒன்றுக்காகச் சேர்வர் எழும்பியே இருக்காது. நாலு நாட்டுச் சனமும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். புள்ளியைப் போட்டேன். மீண்டும் சோதித்தேன். சரி என்றது. மீள ஏற்றினேன். லண்டனின் வரிகள் தடங்கலின்றி ஓடிக்கொண்டிருந்தன.

"தங்கச்சி, இப்ப நான் கதவைத் திறக்கப்போறன். ஒருத்தரும் அமத்தக் கூடாது. மாமியின்ர கையில இருக்கிற போன் மட்டும். அது வந்தாப் பிறகு மற்றவை ஒவ்வொருத்தரா."

படத் துண்டுகளை மட்டும்தான் விலக்கியிருந்தேன்; பக்கத்தைத் திறப்பதை விதி இன்னும் எண்ணிக்கொண்டிருந்தது. அதனால்தான் அப்படிச் சொன்னேன். மருமகள் முற்றத்தைப் பார்த்துக் கத்தினார்: "எல்லாரும் போனைக் கீழ வையுங்கோ! சங்கத்து அண்ணை சொல்லுறார்!"

"அப்பதானே திரும்பத் திரும்ப அமத்தச் சொல்லிச் செய்தி வந்தது!" என்றது ஒரு ஆண்குரல்.

"அது வேற அண்ணை! வையுங்கோ!"

இரண்டு முகவரிகளையும் பட்டியலிலிருந்து எடுத்தேன். பதிவுக்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் வரிசை முடிந்துவிட்டது. செயலாளர் அண்ணை கடைசியாகத் தானே போய் அரிசி போட்டார், அதையும் மெதுவாகவே. மேலாளர் மூடியின் பக்கம் நகர்ந்தார். மகன் பெட்டியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு, "மாமி பாக்காமல் மூட ஏலாது," என்று தமிழிலேயே சொன்னார். மேலாளருக்கு அது விளங்கியிருக்க நியாயமில்லை, ஆனால் நின்றுவிட்டார்.

ஊரின் முகவரியோடு ஒரு வரி விழுந்தது. அடுத்து ஒன்று. பிறகு சில விநாடிக்கு ஒன்றாக ஒழுங்காக வரத் தொடங்கின.

"தெரியுது," என்றார் மருமகள். கத்தவில்லை. "மாமி பாக்கிறா."

போனின் ஒலியைக் கூட்டி, அதை எடுத்துக்கொண்டு பெட்டியடிக்குப் போனேன். மகன் தட்டத்தில் இருந்து ஒரு பிடி அரிசியை அள்ளிக் கமராவின் பக்கம் காட்டினார்.

"மாமி, இது உங்கட."

படம் அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் பிந்தும் என்று எனக்குத் தெரியும்; மகனுக்குத் தெரியாது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பொறுங்கோ என்று கண்ணால் காட்டினேன். பிறகு மாமியின் குரல் வந்தது. அழுகை எதுவும் அதில் இல்லை.

"தம்பிக்கு நெத்தியில திருநீறு காணாது. அங்க ஆர் பூசினது? துடைச்சுப்போட்டு வடிவாப் பூசிவிடு."

மகன் ஐயரைப் பார்த்தார். ஐயர் திருநீற்றுத் தட்டை நீட்டினார். மகன் ஈரத் துணியால் நெற்றியைத் துடைத்து மூன்று விரலால் இழுத்துப் பூசினார். அந்தப் படம் போய்ச் சேரும் வரை நாங்கள் எல்லோரும் அசையாமல் நின்றோம். மேலாளரும் நின்றார்.

"ம்," என்றது குரல். "இப்ப போடு."

அரிசியைப் போட்டார். மீண்டும் அதே இடைவெளி. அதற்குள் முற்றத்தில் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. மாமி அவர்களைப் பேசாமல் இருக்கச் சொன்னதும் கேட்டது.

"தம்பி," என்றார். நான் பக்கத்தில் நிற்பது அவருக்குத் தெரிந்திருந்தது, என்னைத்தான் கூப்பிட்டார். "மூடுறதை எனக்குக் காட்டவேண்டாம். இனி நிப்பாட்டுங்கோ, எனக்கு இவ்வளவும் காணும்."

மேசைக்குத் திரும்பிப் போய்க் கமராவின் இணைப்பை எடுத்தேன். லண்டனிலும் பாரிசிலும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உடனே அழைக்கத் தொடங்கினார்கள், படம் போய்விட்டது என்று. செயலாளர் அண்ணை ஒவ்வொருவராக எடுத்து, "போகேல்லை, நிப்பாட்டினது," என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேலாளர் மகனைப் பார்த்தார். மகன் தலையசைத்தார். மூடியை வைத்தார்கள்.